செய்தி மேசையிலிருந்து திரைக்கு: நடிகையாக மாற முடிவெடுத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இதழியல் படித்துவிட்டோ, சில வருடம் செய்தி வாசித்துவிட்டோ, மைக்கும் கையுமாக ரிப்போர்ட்டராக அலைந்துவிட்டோ, இனி நடிப்புதான் என் தொழில் என்று தீர்மானித்த பெண்களுக்காக இதை எழுதுகிறேன். நடிக்கலாமா வேண்டாமா என்று இன்னும் மனதுக்குள் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு இதில் பதில் கிடைக்காது. முடிவெடுத்தாகிவிட்டது, எங்கிருந்து தொடங்குவது என்று மட்டும்தான் தெரியவில்லை என்றால் மேலே படியுங்கள்.

நீங்கள் போகப்போவது ஏற்கெனவே பலர் நடந்த பாதை. ஸ்மிதா பாட்டீல் எழுபதுகளின் தொடக்கத்தில் பம்பாய் தூர்தர்ஷனில் மராத்தியில் செய்தி வாசித்தவர். திரையில் செய்தி வாசித்த அந்த முகத்தைக் கவனித்துத்தான் இயக்குநர் ஷியாம் பெனகல் அவரைப் படத்துக்கு அழைத்தார். 1975-ல் தொடங்கி, 1986-ல் 31 வயதில் இறப்பதற்குள் இரண்டு தேசிய விருதுகளையும் பத்மஸ்ரீயையும் பெற்றுவிட்டார். நம் காலத்தில் பிரியா பவானி சங்கர் செய்தி வாசிப்பாளராக இருந்து, தொலைக்காட்சித் தொடருக்குப் போய், 2017-ல் சினிமாவுக்கு வந்தார். பழகிய முகம் கதவைத் திறக்கும் என்பதற்கு இவர்கள் சாட்சி. ஆனால் கதவு திறந்த பிறகு உள்ளே வேலை செய்யத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

செய்தித் துறை உங்களிடம் இரண்டு பழக்கங்களை ஆழமாக ஊன்றியிருக்கும். ஒன்று, எதையும் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வது. இன்னொன்று, முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது. முதல் பழக்கத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாவதை விட்டொழித்தால்தான் நடிகை ஆக முடியும்.

வேலையை விடுவதற்கு முன்

பணி நியமன ஆணையை எடுத்து ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு, இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்று பாண்டு ஏதாவது போட்டிருக்கிறார்களா, வேலையில் இருக்கும்போது வேறு நிறுவனத்தின் திரையில் தோன்ற அனுமதி உண்டா என்று பாருங்கள். பல சேனல்கள் வாசிப்பாளரின் முகமும் குரலும் வெளியே போகக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கும். குறும்படம் என்றாலும், சம்பளம் இல்லாத வேடம் என்றாலும் அது பொருந்தலாம். சந்தேகம் இருந்தால் அனுமதியை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். ஆசிரியர் வாய்வார்த்தையாகச் சரி என்றது அவர் மாறிப்போனதும் செல்லாது.

சினிமா பீட்டில், அதாவது சினிமாச் செய்திகளைச் சேகரிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்தாக வேண்டும். முதல் ஆடிஷனுக்குப் போவதற்கு முன் ஆசிரியரிடம் சொல்லி வேறு பீட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள். இன்று ஒரு இயக்குநரைப் பேட்டி எடுத்துவிட்டு நாளை அவரிடமே வாய்ப்பு கேட்டால், அந்தப் பேட்டியைப் படித்த வாசகருக்குச் செய்த துரோகம் அது. நாளைக்கு அதே இயக்குநரும் உங்களை நம்ப மாட்டார். பேட்டிக்காகக் கிடைத்த தொலைபேசி எண்களும் அப்படித்தான். அவை நிருபராக உங்களிடம் தரப்பட்டவை.

பணத்தைப் பொறுத்தவரை, ஒரு வருடச் செலவுக்கான தொகை கையில் இருந்தால் நிம்மதியாக வேலையை விடலாம் என்பது என் கருத்து. அது முடியாதவர்கள் வேலையில் இருந்துகொண்டே பயிற்சியைத் தொடங்கலாம். ஷிஃப்ட் முறை இதற்கு வசதி: காலை ஷிஃப்ட் கேட்டு வாங்கினால் மாலைகள் உங்களுடையவை. வேலையை விட்ட பிறகு வருமானத்துக்கு வாய்ஸ் ஓவர், சப்டைட்டில், மொழிபெயர்ப்பு, ஃப்ரீலான்ஸ் எழுத்து என்று உங்கள் கைக்குப் பழகிய வேலைகள் நிறைய இருக்கின்றன. திரை விமர்சனம் மட்டும் வேண்டாம். சக நடிகர்களின் வேலைக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டே அவர்கள் பக்கத்தில் நின்று நடிக்க முடியாது.

செய்தி நடையைக் கழற்றி வைப்பது

மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிகக் காலம் பிடிக்கும். நடிப்பு அனுபவமே இல்லாத ஒருவரை விட, ஐந்து வருடம் செய்தி வாசித்தவருக்கு முதல் சில மாதங்கள் சிரமமாக இருக்கும். மனம் தளர வேண்டாம், காரணம் தெரிந்தால் சரிசெய்யலாம்.

தலைகீழ் பிரமிடு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முக்கியமானது மேலே, விவரம் கீழே. வருடக்கணக்கில் அப்படியே எழுதி அப்படியே பேசிப் பேசி, நம் குரல் ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவு தெரிந்த தொனியில் போகப் பழகிவிடுகிறது. கதாபாத்திரத்துக்கோ அடுத்த நொடி என்ன நடக்கும் என்று தெரியாது. "அவர் வரமாட்டாராம்" என்று ஒரு வரி இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி வாசிப்பவர் இதைச் சொல்லும்போது "வரமாட்டாராம்" என்ற சொல்லில் அழுத்தம் விழும், கடைசியில் குரல் இறங்கி முற்றுப்புள்ளி வைக்கும். தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. அதே வரியை வாசலில் காத்திருக்கும் அம்மாவிடம் மகள் சொல்கிறாள் என்றால்? தகவலைச் சொல்வதற்கு முன்பே அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பாள். "அவர்" என்ற சொல்லிலேயே தயங்கியிருப்பாள். வரி முடிந்தாலும் குரல் முடியாது, அம்மா என்ன சொல்வாள் என்று அங்கேயே தொங்கி நிற்கும். இந்த ஒரே வரியை இரண்டு விதமாகவும் செல்போனில் பதிவு செய்து, கண்ணை மூடிக் கேளுங்கள். எங்கே மாற வேண்டும் என்பது உங்கள் காதுக்கே தெரியும்.

அடுத்தது கண். லென்ஸைப் பார்த்துப் பேசுவதுதான் உங்கள் பிழைப்பாக இருந்தது. இனி லென்ஸ் அங்கே இல்லவே இல்லை என்று இருக்க வேண்டும், ஆனால் அது எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்ததும் நிமிர்ந்து கேமராவைத் தேடும் அனிச்சைச் செயல் போவதற்குப் பயிற்சி ஒன்றுதான் வழி. தோழியை எதிரில் உட்காரவைத்து, கேமராவை அவர் தோளுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். பதிவைத் திரும்பப் பார்க்கும்போது கண் எந்தச் சொல்லில் லென்ஸுக்குத் தப்பியோடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வரி மறந்துபோகும் இடத்தில்தான் ஓடும்.

வரி மறப்பதற்குக் காரணம், வாசிக்க வேண்டியதைக் கண்முன் ஓட்டிக்காட்டும் டெலிப்ராம்ப்டர். நாம் மனப்பாடம் செய்வதையே விட்டுவிட்ட தொழில்காரர்கள். இப்போது பக்கம் பக்கமாக வசனத்தை மனதில் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது ஏற்ற இறக்கம் போட்டுப் படிக்காதீர்கள். எந்த உணர்ச்சியும் இல்லாமல், தட்டையாக, பாத்திரம் கழுவும்போதும் நடக்கும்போதும் சொல்லிச் சொல்லி ஏற்றுங்கள். ஒரு ராகத்தோடு மனப்பாடம் செய்துவிட்டால், எதிரில் இருப்பவர் எப்படி நடித்தாலும் உங்கள் வாயிலிருந்து அந்த ராகமே வரும்.

கடைசியாகக் கேட்பது. களப்பேட்டி எடுத்தவர்களுக்குத் தெரியும்: பைட், அதாவது பேட்டி கொடுப்பவர் பேசும் பகுதி எல்லாம் முடிந்த பிறகு, எடிட்டுக்காக நாம் தலையாட்டுவதைத் தனியாக ஒரு ஷாட் எடுப்பார்கள். யாரும் பேசாமலே ஆர்வமாகக் கேட்பதுபோல் தலையாட்டுவோம். ஸ்டுடியோவில் விருந்தினர் பேசும்போதோ ஒரு காது இயர்பீஸில் இருக்கும், மனம் அடுத்த கேள்வியில் இருக்கும். குளோசப்பில் இந்தப் போலிக் கேட்டல் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நடிப்பு ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னர் நியூயார்க்கின் நெய்பர்ஹுட் பிளேஹவுஸ் நடிப்புப் பள்ளியில் பல்லாண்டு சொல்லிக்கொடுத்த ஒரு பயிற்சி இதற்கு மருந்து. இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் மற்றவரிடம் தான் பார்க்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: "நீ சிரிக்கிறாய்." மற்றவர் "நான் சிரிக்கிறேன்" என்று திருப்பிச் சொல்வார். அதே வாக்கியம் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். சில நிமிடங்களில் சொல் முக்கியமற்றுப் போய், எதிரில் இருப்பவரின் முகத்தில் நடக்கும் மாற்றம் உங்களைப் பேச வைக்கத் தொடங்கும். முதல் நாள் அசட்டுத்தனமாகத் தோன்றும். விடாமல் செய்யுங்கள். செய்தித் துறையிலிருந்து வருபவர்களுக்கு இதைவிட உபயோகமான பயிற்சியை நான் பார்த்ததில்லை.

நிருபரின் மூளையை எங்கே பயன்படுத்துவது

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி. இந்த ஆறு கேள்விகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ரஷ்யாவில் நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நடிகர்களை விசாரிக்கச் சொன்னதும் ஏறக்குறைய இவற்றைத்தான்: இந்தப் பாத்திரம் எந்தச் சூழ்நிலையில் நிற்கிறது, அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன். காட்சித்தாள் கைக்கு வந்ததும் அதை ஒரு ஆவணமாக விசாரியுங்கள். இந்தக் காட்சிக்கு ஐந்து நிமிடம் முன்பு இவள் எங்கே இருந்தாள்? எதிரில் இருப்பவரிடமிருந்து இவளுக்கு இந்த நொடியில் என்ன வேண்டும்? எதைச் சொல்லாமல் மறைக்கிறாள்? வசனத்தில் பதில் கிடைக்காத கேள்விகளுக்கு நீங்களே ஒரு பதிலை முடிவு செய்துகொள்ளுங்கள். ஆறிலும் "ஏன்" என்பதில் மட்டும் கவனம் தேவை. "இவள் ஏன் இப்படிப்பட்டவள்" என்று அலசி ஒரு கட்டுரை எழுதிவிடுவது நமக்கு எளிது, ஆனால் அலசலை நடிக்க முடியாது. "இவளுக்கு என்ன வேண்டும்" என்பதை நடிக்கலாம்.

காட்சிகளை வரிசையாகப் படமாக்க மாட்டார்கள். கதையின் முடிவை முதல் நாளிலும் முதல் சந்திப்பைக் கடைசி நாளிலும் எடுப்பது சாதாரணம். ஒரு நீண்ட வழக்கைத் தொடர்ந்து எழுதும்போது தேதிவாரியாகக் குறிப்பு வைத்திருப்பீர்கள் இல்லையா? அதேபோல் உங்கள் பாத்திரத்துக்கு ஒரு காலவரிசைத் தாள் போடுங்கள். காட்சி எண், அவளுக்கு அதுவரை என்ன தெரியும், என்ன தெரியாது, உடம்பில் களைப்பு எவ்வளவு. செட்டில் அந்த ஒரு தாள் உங்களைக் காப்பாற்றும்.

நீங்கள் சந்தித்த மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். விபத்து நடந்த இடத்தில், மருத்துவமனை வாசலில், மற்றவர்கள் வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் பார்க்க விரும்பாததை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். துக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் கதறுவதில்லை, சாவியைத் தேடுவார், பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்பார். இந்தக் கவனிப்பு ஒரு நடிகைக்குப் பெரிய சொத்து. நடையை, கையை, மூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கதையை, அடையாளம் தெரியும் விவரத்தை, பதிவுக்கு அல்ல என்று சொல்லி உங்களிடம் பகிர்ந்ததை எடுக்காதீர்கள். தொழில் மாறினாலும் அந்த வாக்கு மாறவில்லை.

பயிற்சி, படங்கள், ஷோரீல்

மேடை நாடகக் குழு, கேமரா நடிப்புப் பட்டறை இரண்டும் வேண்டும். மேடை உடம்பைத் திறந்துவிடும், மேசைக்குப் பின்னால் இடுப்புக்கு மேல் மட்டும் வாழ்ந்தவர்களுக்கு அது அவசியம். பட்டறையில் சேரும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: ஒவ்வொரு மாணவரும் கேமரா முன் எத்தனை முறை நிற்பார், எடுத்ததைப் போட்டுக்காட்டித் திருத்துவீர்களா? "படிப்பு முடிந்ததும் படத்தில் வாய்ப்பு நிச்சயம்" என்று விற்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

படங்களுக்கு நிறையச் செலவழிக்க வேண்டாம். மேக்கப் குறைவாக, இயல்பான வெளிச்சத்தில், நேரில் பார்த்தால் இருக்கிற மாதிரியே ஒரு குளோசப், ஒரு பக்கவாட்டு, ஒரு முழு உருவம் போதும். நீங்கள் நடித்த காட்சிகளின் தொகுப்பான ஷோரீல் இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதில் செய்தி வாசித்த கிளிப்பைச் சேர்க்காதீர்கள், எவ்வளவு நன்றாக வாசித்திருந்தாலும் சரி. பார்ப்பவர் அதற்குப் பிறகு வரும் எதையும் வாசிப்பாளர் நடிப்பதாகத்தான் பார்ப்பார். நடித்த காட்சி எதுவும் இல்லையென்றால் மாணவர் குறும்படங்களில் நடித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செல்ஃப் டேப்

இப்போது முதல் சுற்று பெரும்பாலும் வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்புவதாகத்தான் இருக்கிறது. போனைப் படுக்கை வாட்டில், கண் மட்டத்தில், ஆடாமல் நிறுத்துங்கள். பின்னால் வெறும் சுவர். முகத்தில் வெளிச்சம், பின்னாலிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு மார்பு வரை. எதிர்வசனம் சொல்பவர் லென்ஸை ஒட்டி நிற்கட்டும், அவரைப் பார்த்துப் பேசுங்கள். அவர் குரல் உங்கள் குரலை விடத் தாழ்ந்திருக்க வேண்டும்.

தொடக்கத்தில் பெயர், உயரம், ஊர், பேசும் மொழிகள் சொல்லச் சொல்வார்கள். இங்கே மட்டும்தான் லென்ஸைப் பார்க்கலாம், இங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். "வணக்கம், நான்…" என்று ஆரம்பித்தவுடன் செய்தி வாசிப்பாளர் வெளியே வந்துவிடுவார். நண்பரின் நண்பரிடம் அறிமுகம் ஆவதுபோல் சாதாரணமாகச் சொல்லுங்கள். காட்சியில் குரலை உயர்த்தவும் வேண்டாம். படப்பிடிப்பில் தலைக்கு மேல் பூம் மைக் தொங்கும், முணுமுணுப்பையும் அது பிடித்துக்கொள்ளும்.

இரண்டு டேக் அனுப்பச் சொன்னால் இரண்டும் உண்மையிலேயே வேறாக இருக்கட்டும். முதல் டேக்கில் அவளுக்கு மன்னிப்பு வேண்டும் என்றால், இரண்டாவதில் அவள் எதிரில் இருப்பவரைத் துரத்திவிட நினைக்கட்டும். வசனம் ஒன்றே. நோக்கம் மாறினால் முகம் தானாக மாறும். அனுப்பியதும் கோப்பை மூடிவிடுங்கள். பதில் வராதது இந்தத் தொழிலில் வழக்கமான பதில்.

அழைப்பு வந்தால் விசாரியுங்கள்

உங்களுக்கு வருகிற ஒவ்வொரு அழைப்பும் இன்னும் உறுதி செய்யப்படாத ஒரு தகவல்தான். அழைத்தவர் இதற்கு முன் எந்தப் படங்களில் வேலை செய்தார் என்று பெயர்ப்பட்டியலில் பாருங்கள், தயாரிப்பு அலுவலகத்துக்கு நீங்களே தனியாக அழைத்து உறுதி செய்யுங்கள், அந்தப் படங்களில் நடித்த ஒரு பெண்ணிடம் பேசுங்கள். ஆடிஷனுக்கும் பதிவுக்கும் பணம் கேட்பவர் நடிகையைத் தேடவில்லை, பணத்தைத் தேடுகிறார். சந்திப்பு அலுவலகத்தில், பகலில், துணையோடு. செய்தி எழுதிய நாட்களில் பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது, சட்ட ஆலோசகர் இருந்தார். இப்போது தனியாக இருக்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். தவறாகப் பேசியவரின் செய்தியை அழிக்காமல் தேதி, நேரத்தோடு பத்திரப்படுத்துங்கள்.

நெருக்கமான காட்சி ஏதும் இருந்தால், எந்த அளவு, எந்த உடை, செட்டில் யார் இருப்பார்கள் என்பதெல்லாம் படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ 2018-லிருந்து இத்தகைய காட்சிகளுக்கென்றே ஒருங்கிணைப்பாளரை நியமிக்கத் தொடங்கியது, இன்று பல நாடுகளில் அந்தப் பணி உண்டு. இருக்கிறாரா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஒப்பந்தத்தில் உங்கள் உருவத்தையும் குரலையும் செயற்கை நுண்ணறிவால் நகல் எடுப்பது பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கட்டாயம் தேடுங்கள். 2023-ல் அமெரிக்காவின் நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா 118 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2012-ல் இரண்டு சங்கங்கள் இணைந்து உருவான அந்த அமைப்பில் திரை நடிகர்களோடு செய்தி வாசிப்பவர்களும் உறுப்பினர்கள். செய்தி வாசிப்பாளரின் குரல் பல மணிநேரம், தெளிவாக, சத்தமில்லாத ஸ்டுடியோவில் பதிவாகிக் கிடக்கிறது. நகல் எடுக்க அதைவிடச் சுலபமானது எது? "எல்லா ஊடகத்திலும், எக்காலத்துக்கும்" என்ற வரியைக் கண்டால் கையெழுத்துப் போடும் முன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

முதல் வேடமும் முதல் நாளும்

உங்களுக்கு முதலில் வரும் வேடம் செய்தி வாசிப்பாளராகத்தான் இருக்கும், இரண்டாவதும் அதுவே. ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள், செட் எப்படி இயங்குகிறது என்று சம்பளத்தோடு பார்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம் என்பேன். அந்த வேடத்தில் நீங்கள் உங்கள் பழைய வேலையைத்தான் மறுபடி செய்கிறீர்கள், அதைப் பார்த்து யாரும் உங்களை ஒரு தாயாகவோ திருடியாகவோ கற்பனை செய்யப்போவதில்லை. மறுக்கும்போது, இரண்டே வசனம் இருந்தாலும் வேறு வேடம் இருந்தால் சொல்லுங்கள் என்று சேர்த்தே சொல்லுங்கள்.

முதல் நாள் செட்டில் நீங்கள் பழைய பத்திரிகைக்காரி என்று தெரிந்ததும் சிலர் பேச்சைக் குறைப்பார்கள். இங்கே பார்ப்பதை எங்கும் எழுத மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லி, அப்படியே நடந்துகொள்ளுங்கள். போனைப் பையில் போட்டுவிடுங்கள். உதவி இயக்குநரிடம் அன்றைய காட்சி எண்களைக் கேட்டு உங்கள் காலவரிசைத் தாளில் குறியுங்கள். நிற்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரையில் ஒட்டியிருக்கும் மார்க்கில் குனிந்து பார்க்காமல் வந்து நிற்க, அதிலிருந்து பின்னோக்கி நடந்து அடிகளை எண்ணிக்கொள்ளுங்கள். வைட் ஷாட்டில் எந்தச் சொல்லில் எந்தக் கையால் டம்ளரை எடுத்தீர்களோ, குளோசப்பிலும் அதே சொல், அதே கை. மற்றவரின் குளோசப் எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னால் நின்று உங்கள் வசனத்தை முழு மனதோடு சொல்லிக்கொடுங்கள். நல்ல யூனிட்டுகள் இதைக் கவனிக்கும், அடுத்த படத்துக்கு இப்படித்தான் பலர் அழைக்கப்படுகிறார்கள்.

காத்திருப்பு அதிகம். லைவ் பரபரப்பில் வளர்ந்தவர்களுக்கு ஒரு ஷாட்டுக்காக ஐந்து மணிநேரம் உட்கார்வது பைத்தியம் பிடிக்க வைக்கும். வசனத்தைத் தட்டையாக ஓட்டிப் பாருங்கள், மற்றவர்கள் நடிப்பதை மானிட்டர் பக்கம் இல்லாமல் நேரில் நின்று பாருங்கள்.

படப்பிடிப்பு முடிந்து பேக்கப் சொன்னதும் கிளம்பிவிடாதீர்கள். மீதிச் சம்பளம் எந்தத் தேதியில், யார் மூலம் வரும் என்று தயாரிப்பு மேலாளரிடம் கேட்டு, அன்றிரவே அதை ஒரு செய்தியாக அவருக்கே அனுப்பி வையுங்கள். டப்பிங்கை நீங்களே பேசுகிறீர்களா என்று இயக்குநர் தரப்பில் உறுதி செய்துகொள்ளுங்கள், ஒலிப்பதிவுக் கூடத்தில் பழகிய உங்களுக்கு அங்கே யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. படம் வெளியான பிறகு உங்கள் காட்சியின் கிளிப்பை ஷோரீலுக்குத் தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். யூனிட் கலைந்த பிறகு அதற்கு யாரைக் கேட்பது என்றே தெரியாமல் போகும்.